ஒற்றைக் கோடு விழுந்த மூன்று பெயர்கள்

பழைய வருகைப் பதிவேடு ஒன்று இன்னும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. காலையில் வந்தவருக்கு ஒரு சாய்கோடு, மதியமும் இருந்தால் அதன் மேல் குறுக்காக இன்னொன்று; இரண்டும் சேர்ந்து பெருக்கல் குறியாகிவிடும். ஒரு வெள்ளிக்கிழமையில் மட்டும் பன்னிரண்டாம் வகுப்பு மாணவிகள் மூவருக்குக் காலையில் சிவப்பு மையில் விடுப்புக் குறி, மதியத்துக்கு ஒற்றைக் கோடு. அந்தக் கோட்டை என்னைப் போட வைத்தவர் எங்கள் தலைமையாசிரியை.

அகரம் பக்கத்துப் பள்ளியில் நான் சேர்ந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. கண்டிப்பான டீச்சர் என்று பேர் வாங்கத் துடித்த காலம். அன்று முதல் பாடவேளையில் மூவரைக் காணோம். பக்கத்தில் உட்காருபவளை அதட்டியதும், "சும்மா ஜாலிக்கு டீச்சர்... திண்டுக்கல் மலைக்கோட்டைக்குப் போயிருக்காளுக" என்று அழுதுவிட்டாள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். தலைமையாசிரியை அறைக்குப் போய் விஷயத்தைச் சொல்லிவிட்டு, மூவரில் ஒருத்தியின் அப்பாவுக்கு அங்கேயே போன் போடப் போனேன். மல்லிகைத் தோட்டக்காரர். எண்ணை அழுத்தி முடிப்பதற்குள் தலைமையாசிரியை போனை வாங்கி மேசையில் வைத்தார்.

"நீங்க சேர்றதுக்கு முந்தி நடந்த கூட்டத்துல அந்தாளு எல்லார் முன்னாலயும் சொல்லிட்டுப் போனாரு. ஒரு புகார் வந்தாப் போதும், படிப்ப நிறுத்தி மச்சினனுக்குக் கட்டி வச்சிருவேன்னு."

"அதுக்காகத் தப்பு பண்ணினவள விட்டுர்றதா மேடம்?"

"யாரு விடச் சொன்னா? தப்புக்குத் தண்டனைய நாம குடுப்போம். கல்யாணம் அதுக்குத் தண்டனை இல்ல. வண்டியில ஏறுங்க."

அவருடைய ஸ்கூட்டரில் போனோம். ஐம்பத்தாறு வயதுக்காரர் அந்தப் பாறைப் படிகளில் எனக்கு முன்னால் ஏறினார். உச்சிக்குச் சற்றுக் கீழே சிரிப்புச் சத்தம் கேட்டது. நான் பாய்ந்து போகப் பார்த்தேன். அவர் என் கையைப் பிடித்துப் படியில் உட்கார வைத்தார். "செத்த நேரம் சிரிக்கட்டும் டீச்சர்." காற்றில் ஜடை பறக்க, மூன்று பெண்களும் கீழே விரிந்து கிடந்த வயல்களில் தங்கள் ஊரைத் தேடிக்கொண்டிருந்தார்கள். எத்தனை முறை திண்டுக்கல்லுக்கு வந்திருப்பார்கள்! அன்றைக்குத்தான் மேலே ஏறியிருக்கிறார்கள். பிறகு எங்களைப் பார்த்ததும் மூவர் முகமும் செத்துப்போயிற்று.

அவர்களோடு என்னை பஸ்ஸில் ஏற்றிவிட்டு அவர் ஸ்கூட்டரை எடுக்கப் போனார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அவரால் சாவியைத் துளைக்குள் போட முடியவில்லை. மூன்று முறை நழுவிக் கீழே விழுந்தது. அந்தப் பிள்ளைகளுக்கு ஏதாவது ஆகியிருந்தால் வீட்டுக்கு ஏன் சொல்லவில்லை என்று அவரைத்தான் கேட்டிருப்பார்கள். அது தெரிந்தேதான் போனை வாங்கி வைத்திருக்கிறார். வழி நெடுக பஸ்ஸுக்குப் பின்னாலேயே வந்தார்.

மதிய மணிக்கு முன் வகுப்பில் இருந்தார்கள். காலை விடுப்பை அழிக்க அவர் சம்மதிக்கவில்லை. ஒரு மாதம் தினமும் மாலையில் தன் அறையில் உட்கார வைத்து, விட்டுப்போன பாடத்தோடு விடாத பாடத்தையும் எழுத வைத்தார். தேர்வு முடிவு வந்த அன்று, அந்த அப்பாவை மகளோடு வரச்சொல்லி எல்லாவற்றையும் தலைமையாசிரியையே சொன்னார். "மறைச்சது நான். திட்டுறதுன்னா என்னையத் திட்டுங்க." மனிதர் மதிப்பெண் தாளை வரி வரியாக விரலால் தொட்டுப் பார்த்தார். கடைசியில், "மேல இருந்து நம்ம தோட்டம் தெரிஞ்சுச்சா தாயி?" என்று மகளைக் கேட்டார். அவள் கல்லூரிக்குப் போனாள்.

இப்போது நான் வடமதுரை பக்கம் ஒரு பள்ளியில் தலைமையாசிரியை. வருகையெல்லாம் செல்போனில்தான், கோடு கிடையாது. நேற்றுக் காலை புதிதாக வந்த டீச்சர் கோபமாக உள்ளே வந்தார். இரண்டு மாணவிகள் கட் அடித்துவிட்டு ஊர் சுற்றப் போய்விட்டார்களாம். "வீட்டுக்குச் சொல்லிரட்டுமா மேடம்?"

"சொன்னா என்ன ஆகும்னு தெரியுமா?"

தெரியாது என்றார். எனக்குத் தெரிந்திருந்தது. அவரையும் கூட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். ஸ்கூட்டர் சாவி இரண்டு முறை துளைக்குள் போகாமல் நழுவியது.