சிவப்பு வந்தால்

தாம்பரத்தில் ஏறிய பையன்கள் ரயிலில் சீட்டுக்கட்டைக் கலைத்தார்கள். புறா சிறகடித்து எழுவதுபோல் சர்ரென்று ஒரு சத்தம். "அக்கா, சும்மா ஒரு சீட்டு எடுங்களேன், மேஜிக்!" என்றான் ஒருவன். குரோம்பேட்டை வரும்வரை நான் கையை நீட்டவில்லை.

அப்பாவும் இப்படித்தான் கலைப்பார். கல்யாண வரவேற்புகளில் சீட்டு வித்தை காட்டுவார். மற்ற நாட்களில் அந்த வித்தைகளைப் பற்றிப் புத்தகம் எழுதுவார். அவர் கையெழுத்து கோழிக் கிறுக்கல், அதனால் பத்து வயதில் நான்தான் நல்ல தாளில் எழுதிக் கொடுப்பேன். மூன்றாம் அத்தியாயம் இன்னும் மனப்பாடம்: 'தானே எடுப்பதாகப் பார்வையாளர் நம்ப வேண்டும். ஆனால் நீங்கள் தள்ளும் சீட்டுதான் அவர் விரலுக்கு வர வேண்டும். வந்ததும் அவரிடம் சொல்லுங்கள், "எடுத்தது நீங்கள்தான்" என்று.'

அம்மாவுக்கும் அப்பாவுக்கும் பேச்சே நின்றுபோன மாதத்தில், ஒரு நாள் காலை, அப்பா பெட்டியோடு வாசலில் நின்றார். நான் அவர் சட்டையை விடவில்லை.

"போகாதப்பா, போகாதப்பா."

சீட்டுகளை விசிறியாக விரித்தார். "சிவப்பு வந்தா இருந்துடறேன். கறுப்பு வந்தா கிளம்பறேன். எடு."

எனக்குத்தான் மூன்றாம் அத்தியாயம் தெரியுமே! அவர் விரல் நகர்த்திய சீட்டைத் தொடாமல், கடைசி ஓரத்திலிருந்து உருவினேன். இஸ்பேட் ஏழு. கறுப்பு.

"இன்னொண்ணுப்பா!" என்று கத்திக்கொண்டே விசிறியைப் பிடுங்கப் போனேன். அதற்குள் கட்டு அவர் பைக்குள் போய்விட்டது. அதில் ஒரு சிவப்பாவது இருந்ததா? ரயிலில், பஸ்ஸில், தூக்கத்தில் இன்னும் அதையே புரட்டிக்கொண்டிருக்கிறேன்.

அப்பா குனிந்து என் தலையைத் தடவினார்.

"எடுத்தது நீதான் கண்ணு."