ஒரே கிலோமீட்டர்

இன்று காலை பக்கத்து ஊரான மேருவிலிருந்து ஒரு தம்பி எங்கள் காரை வாங்கப் பார்க்க வந்தார்.

"பன்னெண்டு வருசக் காடி, இவ்ளோ கம்மியாவா ஓடியிருக்கு? மீட்டர திருப்பிட்டீங்களா ஆன்டி?"

பெட்ரோல், எண்ணெய், டயர் எல்லாம் தேதியோடு எழுதிய என் நோட்டை நீட்டினேன். கடைசிப் பக்கங்களில் எல்லாத் தேதிக்கும் ஒரே கிலோமீட்டர்தான்.

"அங்கிள் தவறி ஒரு வருசமாச்சுப்பா. எனக்கு ஓட்டத் தெரியாது. பேட்டரி செத்துடக் கூடாதுன்னு தினமும் சாமி கும்பிட்டுட்டு ஸ்டார்ட் பண்ணுவேன். அப்புறம் சுத்தி வந்து என் சீட்ல பத்து நிமிசம் உக்காந்திருப்பேன்."

நோட்டை மெதுவாக மூடினார். "சும்மா ஸ்டார்ட் பண்ணா பத்தாது ஆன்டி. ரோட்ல ஓடணும்லா. இல்லாட்டி டயரு, பிரேக்கு எல்லாம் போயிடும்."

விற்கவில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

கிள்ளானில் ஐம்பத்தெட்டு வயதுக்காரிக்குக் கார் ஓட்டச் சொல்லித்தர யாராவது இருக்கிறார்களா? கத்தினாலும் பரவாயில்லை, என் வீட்டுக்காரரிடம் பழகிவிட்டது.