கொழுந்துச் சாக்கில் முடிந்த பயணம்

இரண்டு வருடங்களுக்கு முன், ஐப்பசி மழை சற்று விட்டிருந்த ஒரு சனிக்கிழமை, மடுல்கெல்லைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துப் பாதையில் நடந்தது இது.

நான் கண்டியில் கணிதம் படிப்பிக்கிறேன். சுவிஸில் இருக்கும் அக்காவும் அத்தானும் சைக்கிள் பைத்தியங்கள். ரோமர் காலத்துப் பழைய பாதை வழியாக அல்ப்ஸ் மலையைச் சைக்கிளில் கடக்கப் போகிறோம், அடுத்த கோடைக்கு நீயும் வா என்று அழைத்திருந்தார்கள். நாற்பத்தொரு வயதில் எனக்கும் ஆசை பிடித்துக்கொண்டது. பயிற்சி எடுக்க நம் ஊரில் மலைக்கா பஞ்சம்? சனிக்கிழமை தோறும் வத்தேகம வழியாக ஏறத் தொடங்கினேன்.

அன்று, தேயிலைக்கு முன் வெள்ளைக்காரர் கோப்பி பயிரிட்ட காலத்து மாட்டுவண்டிப் பாதை ஒன்றில் உச்சி வரை ஏறிவிட்டேன். மழைக்குப் பிறகு என்பதால் இரத்தம் குடிக்கும் அட்டை சொல்லி மாளாது. சவர்க்காரத்தைத் தேங்காய் எண்ணெயில் குழைத்துக் காலில் பூசியிருந்தேன். கொண்டுபோன பாண் துண்டைத் தின்றுவிட்டு எழுந்தால், சைக்கிள் சக்கரத்திலும் நாலைந்து அட்டை நெளிகிறது. கணக்கு டீச்சருக்கு மூளை வேலை செய்தது. காலுக்குப் பூசியதைச் சக்கரத்துக்கும் பூசினால் அட்டை ஏறாதே! இரண்டு ரிம்மிலும் சுற்றிவரப் பூசினேன். அந்த ரிம்மைத்தான் பிரேக் கட்டை கவ்விப் பிடிக்க வேண்டும் என்பது என் கணக்கில் வரவே இல்லை.

இறக்கத்தில் முதல் வளைவிலேயே தெரிந்துவிட்டது. பிரேக்கை எவ்வளவு இறுக்கினாலும் சைக்கிள் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. காலை ஊன்றிப் பார்த்தேன், ஒரு சப்பாத்து கழன்று போனதுதான் மிச்சம். கீழே அடுத்த வளைவு. அதற்கு அப்பால் வெறும் பள்ளம். வீட்டில் எட்டு வயது மகள் இருக்கிறாளே என்று நினைத்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

அந்த வளைவில்தான் பறித்த கொழுந்தை நிறுக்கும் கொட்டகையான மடுவம். பகல் நிறுவைக்காகப் பெண்கள் சாக்குகளைப் பாதையோரம் வைத்துவிட்டு நின்றார்கள். என்னைக் கண்டதும் எல்லோரும் சிதறி ஓடினார்கள். ஒருவர் மட்டும் ஓடவில்லை. வரிசையின் கடைசியில் இருந்த சாக்கைப் பாதைக்குக் குறுக்கே இழுத்துப் போட்டுவிட்டுக் கத்தினார்.

"இது மேல வுடு! சாக்கு மேல வுடு தங்கச்சி!"

விட்டேன். சாக்கு வெடித்தது. கண் திறந்தபோது பாதையெல்லாம் கொழுந்து, நடுவில் நான். முழங்கை கிழிந்திருந்தது. எலும்புக்கு ஒன்றுமில்லை.

"கையக் கால ஆட்டு பாப்போம்" என்று தொட்டுப் பார்த்தவருக்கு என்னைவிடப் பத்து வயது கூட இருக்கும். நான் அழுதுகொண்டே, இது யாருடைய சாக்கு என்று கேட்டேன்.

"என்னோடதுதான். அடுத்தவ கொழுந்த நான் எப்புடி இழுத்துப் போடுறது?" என்றார், இதையெல்லாமா கேட்பார்கள் என்பது போல.

கங்காணி வந்து பார்த்தார். "மண்ணு பட்டத தராசுல ஏத்த மாட்டேன், ஆமா" என்றார். மற்றப் பெண்களும் குந்தி, மண் படாததைப் பொறுக்கினார்கள். நானும் பொறுக்கினேன். காலையிலிருந்து அவர் பறித்ததில் பாதிகூடத் தேறவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. என்ன செய்யட்டும் அக்கா என்று கேட்டேன்.

"என்னா செய்வ? வந்து கூடப் பறி."

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். இல்லை. பின்னேர நிறுவை வரைக்கும் அவருடைய நிரையில் நின்று பறித்தேன். கங்காணி காணாதது போல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் பறித்ததில் பாதியை முத்தல் இலை என்று அந்த அக்கா வீசி எறிந்தார். "டீச்சருங்கிற, ரெண்டு எலையும் ஒரு மொட்டும் எண்ணத் தெரியலயே!" என்றதும் மலையே சிரித்தது. நானும் சிரித்தேன்.

புறப்படும்போது, தேத்தண்ணீர் வைத்த அடுப்பிலிருந்து சாம்பலை அள்ளி வந்து, எண்ணெய்ச் சட்டி துலக்குவது போல இரண்டு ரிம்மையும் தேய்த்துக் கழுவிக் கொடுத்தார். பிரேக் கவ்விப் பிடித்தது. ஆனாலும் தார் ரோடு வரை உருட்டிக்கொண்டுதான் போனேன்.

அடுத்த கோடையில் அல்ப்ஸைக் கடந்தேன். ரோமர் பதித்த கற்கள் சில இடங்களில் இன்னும் இருக்கின்றன. உச்சியில், இறங்குவதற்கு முன் ரிம்மைத் துணியால் துடைத்தேன். "இங்க அட்டை இல்லையம்மா" என்று அத்தான் கேலி செய்தார். அவருக்குக் கதை தெரியும். ஆனால் அப்போது நான் நினைத்தது அட்டையை அல்ல. அந்த அவசரத்தில், அத்தனை சாக்குகள் இருந்தும், அந்தக் கை தன்னுடையதைத் தேடி இழுத்ததே, அதைத்தான்.

யாருக்காவது உதவி என்று பள்ளிக்கூடத்தில் பேச்சு வரும்போது, மற்ற ஆசிரியர்களின் நேரத்தையும் வீட்டையும் தாராளமாகக் கைகாட்டி வந்தவள் நான். இப்போதெல்லாம் வாயைத் திறக்குமுன், நான் இழுத்துப் போடுவது என் சாக்கைத்தானா என்று ஒரு தரம் பார்த்துக்கொள்கிறேன்.