அம்மா, வயது முப்பத்திரண்டு

பிள்ளைக்கு உதவுவது எந்த இடத்தில் குறுக்கீடாகிறது? இன்றுவரை எனக்குப் பதில் தெரியவில்லை.

போன மாதம் பிராங்பேர்ட்டில் ஓர் அருங்காட்சியகம் குடும்பங்களுக்குக் களிமண் பட்டறை வைத்தது. என் ஐந்து வயது மகள் ஆரணி யானை செய்தாள். அதற்கு ஐந்து கால்கள். நான் ஒன்றைப் பிய்த்தேன், தும்பிக்கையை நீட்டினேன், கோயில் யானைபோல நெற்றிப்பட்டமும் வைத்தேன். பாலர் பள்ளிக் கைவேலை என்றாலும் நான் இப்படித்தான். மற்றப் பிள்ளைகளுக்கு முன்னால் அவள் குறைந்துவிடக் கூடாதே என்ற பயம்.

முடிவில் பயிற்சியாளர் ஒவ்வொரு பொம்மைக்கும் பக்கத்தில் செய்தவரின் பெயரையும் வயதையும் எழுதி வைத்தார். எங்கள் முறை வந்ததும் ஆரணி உரத்துச் சொன்னாள்: "இது நான் செய்யேல்லை. அம்மா செய்தது." பிறகு அதையே ஜெர்மனிலும் சொன்னாள்.

"அம்மாவுக்கு எத்தனை வயது?" என்று அவர் சிரிக்காமல் கேட்டார்.

"முப்பத்திரண்டு," என்றாள் ஆரணி.

அப்படியே எழுதி வைத்தார். சுற்றி நின்ற பெற்றோர் கைதட்டினார்கள். முகம் எரிந்தாலும் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

ஆரணிக்குப் புதுக் களிமண் கிடைத்தது. "அம்மா, நீங்கள் கை கட்டி இருங்கோ," என்றாள். இருந்தேன். மீண்டும் ஐந்து கால்கள்.

"அஞ்சாவது எதுக்கம்மா?"

"ஒரு கால் களைச்சால் மாத்திறதுக்கு."

அந்த யானை இப்போது எங்கள் ஜன்னலோரம் நிற்கிறது. இன்று காலை அதன் வால் கழன்று விழுந்தது. ஆரணி இன்னும் பார்க்கவில்லை. பசை என் கையில் இருக்கிறது. ஒட்டலாமா, அவள் வரும்வரை விடலாமா? அனுபவப்பட்ட அம்மாமாரே, சொல்லுங்கள்.