நாலு முட்டிகள்

யாழ்ப்பாணத்திலிருந்து வட்டக்கச்சிக்குக் குடியேறிய மறுவருடம் அப்பாவுக்கு மலேரியாக் காய்ச்சல் கடுமையாகி, ஆஸ்பத்திரியில் வைத்துவிட்டார்கள். வீட்டில் அம்மாவும் நானும் தம்பியும் மட்டும். கிணற்றுத் தண்ணீரோ அடிக்குப் போய்விட்டது. நாலு பூசணியையாவது காப்பாற்றலாமென்று அம்மா நாலு மண்முட்டிகளைக் கழுத்தளவு புதைத்துத் தண்ணீர் நிரப்பினார். அது மெல்லக் கசிந்து வேருக்குப் போகும். காய்ச்சல் பரப்பும் நுளம்பு தண்ணீரில் முட்டையிடாதிருக்க அப்பாவின் பழைய வேட்டியைக் கிழித்து வாயைக் கட்டியிருந்தார்.

இந்த முட்டி விஷயமெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது நான் கண்டது, வெள்ளைத் துணியால் வாய் கட்டி மண்ணில் புதைத்த முட்டிகளை. ஊரில் அப்பாவின் தகப்பனார் செத்தபோது சாம்பலை அப்படித்தான் முட்டியில் போட்டு, துணி கட்டி, கடலில் கரைக்கக் கீரிமலைக்குக் கொண்டுபோகும் நாள்வரை தென்னையடியில் புதைத்து வைத்திருந்தார்கள். நாங்கள் நாலு பேர். முட்டியும் நாலு. மற்ற மூன்றுக்கும் நடுவில் இருந்ததுதான் பெரியது. அது யாருக்கென்று எனக்கு ஒருவரும் சொல்லத் தேவையில்லை. அப்பாவின் வேட்டியின் பச்சைக் கரை அதில் தெரிந்தது.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். எனக்குப் பட்டப்பகலிலேயே பேய். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. எனக்கும் காய்ச்சலோ என்று அம்மா நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். அடுத்தது என் முட்டிதான் என்று நான் இன்னும் நடுங்கினேன்.

மூன்றாம் நாள் மத்தியானம் அம்மா கிணற்றடிக்குப் போன நேரம் அம்மிக்குழவியைத் தூக்கிக்கொண்டு போய் நடு முட்டியை உடைத்தேன். முட்டி இல்லாவிட்டால் அப்பாவை எதில் போடுவார்கள்? உள்ளே வெறும் தண்ணீர். இன்னும் போடவில்லை என்று எனக்குப் பெரிய ஆறுதல்.

வாளியோடு வந்த அம்மா அப்படியே நின்றுவிட்டார். அடி விழுமென்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"ஏன் பிள்ளை உடைச்சனி?"

"அப்பாவை இதுக்குள்ள வையாதேங்கோ, அம்மா."

அம்மா வாளியை வைத்தார்.

"அது பூசணிக்குத் தண்ணி, பிள்ளை," என்றவர், ஈரமண்ணிலேயே குந்தி, சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அழுதார்.

மறுநாள் காலை மிச்ச மூன்று முட்டிகளிலும் துணி இல்லை. தேங்காய்ச் சிரட்டை கவிழ்த்து மூடியிருந்தது. ஏனென்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. இரண்டு கிழமையில் அப்பா மெலிந்துபோய் வந்து சேர்ந்தார். அன்றைக்கு அம்மா அழுதது முட்டிக்காகத்தான் என்று நான் நெடுங்காலம் நம்பியிருந்தேன்.