சேற்றில் எந்தக் குதிரை முந்தும்?

கொடைக்கானல் ஏரிக்கரையில் மழை இப்போதுதான் விட்டிருக்கிறது. சவாரிக்கு ஆள் வராததால், இரண்டு குதிரைகளை வைத்திருக்கும் ஆரோக்கியமேரியும் அவருடைய தம்பியும் இரண்டையும் எதிர்ப்புறக் கொட்டகைக்கு ஓட்டிப்போகத் தயாராகிறார்கள். வழியெல்லாம் சேறு. பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருக்கும் எனக்கும் என் மச்சானுக்கும் கை சும்மா இருக்கவில்லை. எந்தக் குதிரை முதலில் போய்ச் சேரும் என்று பந்தயம் கட்டுகிறோம். தோற்றவனுக்கு நாளை பழனியில் மொட்டை. முருகனை வைத்துச் சூதாடுகிறோமே என்ற கூச்சம் இருவருக்கும் இல்லை.

சென்னை ரேஸில் பதினைந்து வருடம் தோற்ற அனுபவசாலி நான். நெட்டையான கறுப்புக் குதிரையைக் காட்டுகிறேன். ஒருகாலத்தில் ரேஸில் ஓடியதாம். மச்சானுக்கு மிஞ்சியது தொப்பை விழுந்த செவலை.

ஆரோக்கியமேரிக்குப் பொறுக்கவில்லை. "கறுப்பு வேணாம் சார். நடையப் பாருங்க. தரைய ஒட்டிக் கால நீட்டி வீசுது. காஞ்ச தரையில பறக்கும், சேத்துல வழுக்கும். செவல முட்டியத் தூக்கிக் குட்டிக் குட்டியா எட்டு வைக்கும்."

எனக்கே பாடமா என்று சிரிக்கிறேன்.

அக்காவும் தம்பியும் ஏறித் தட்டிவிடுகிறார்கள். கறுப்பு நாலாவது எட்டிலேயே சறுக்கி மிரள்கிறது. அப்புறம் புதுச் செருப்புப் போட்டவனைப் போல ஒவ்வொரு காலாகப் பார்த்துப் பார்த்து வைக்கிறது. செவலையோ சளக் சளக்கென்று மிதித்துப் போய்க் கொட்டகையில் கொள்ளுத் தின்ன ஆரம்பித்துவிடுகிறது.

மச்சான் சிரித்துக்கொண்டே என் குல்லாவைக் கழற்றுகிறான். திரும்பி வந்த ஆரோக்கியமேரி என் தலையை நிதானமாகப் பார்க்கிறார்.

"கவலப்படாதீங்க சார். மொட்ட போடுறவருக்கு இந்தத் தலையில பெருசா சோலி இல்ல."