அக்காவின் விசில்

ஏரிக்கரைப் பண்ணையின் கேட்டில் இப்போது ஒரு போர்டு தொங்குகிறது. ‘உழைக்கும் பண்ணையை நேரில் காண வாருங்கள். குடும்பத்தோடு ஒரு நாள்.’ அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். நான் பால் வண்டி ஓட்டுகிறவன். காலையும் மாலையும் அந்தக் கேட்டுக்குள் போய்த்தான் கேன் ஏற்ற வேண்டும். ஆகவே எரிச்சலும் இரண்டு வேளை. அங்கே உழைக்கிறது யார் என்று கேட்டால், முக்கால்வாசி என் அக்கா.

அத்தான் போன பிறகு அந்தப் பண்ணைதான் அவளுக்குச் சோறும் கூரையும். தொழுவத்தின் பின்சுவரை ஒட்டி ஓர் அறை, ஒரு சமையல்கட்டு. வாசலில் எப்போதும் சாணி காய்ந்த ரப்பர் பூட்ஸ். ஜன்னலில் ஈ வலை. மகள் புத்தகத்தை விரித்தால் அக்கா அடுப்புப் பக்கம் ஒதுங்கிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் இடம். வேலை போனால் அந்த அறையும் போகும்.

மாடுகள் பகலில் ஏரிக்குள் நாக்கு போல நீண்டிருக்கும் புல்திட்டில் மேயும். அங்கே போகவும் வரவும் ஒரே ஒரு ஒடுங்கிய வரப்பு. கறவை நேரமானால் அக்கா கரையில் நின்று இரண்டு விரலை வாயில் வைத்து ஒரு விசில் அடிப்பாள். அக்கரைக்குக் கேட்கும். மாடுகள் தலையைத் தூக்கி, வரிசை பிடித்து, தானாக ஓடி வரும். வந்தால் தொட்டியில் தீவனம் இருக்கும், மடியின் கனமும் இறங்கும். வெறும் தொட்டிக்கு அவள் ஒருநாளும் கூப்பிட்டதில்லை.

ஒருமுறை நான் கேன் தூக்கிக்கொண்டே ஏதோ பாட்டை விசிலடித்துவிட்டேன். கையிலிருந்த துடைப்பத்தால் முதுகில் ஒன்று வைத்தாள்.

“உன் குஷியெல்லாம் கேட்டுக்கு வெளிய வெச்சுக்கடா. இங்க விசில் அடிச்சா அதுங்க வந்து நிக்கும். நீயா தீவனம் வெப்ப?”

பெரிய முதலாளி படுக்கையில் விழுந்தார். மகன் பொறுப்புக்கு வந்தான். பால் இருக்கட்டும், அந்த ஏரியைப் பார்க்கவே கூட்டம் வரும் என்று அவனுக்குத் தோன்றியது. வந்தது. காரில் வந்தது, வேனில் வந்தது. வைக்கோல் போரின் மேல் ஏறி நின்றது, கன்றுக்குட்டியின் வாயில் பிஸ்கெட்டைத் திணித்தது. ஒரு அம்மாள் அக்காவின் ஜன்னல் வலையில் மூக்கை ஒட்டிப் பார்த்துவிட்டு, “ஐயோ, உள்ள நிஜமாவே ஆள் குடியிருக்காங்க!” என்று மற்றவர்களைக் கூப்பிட்டாள். அக்கா மகள் அப்போது சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். தட்டை எடுத்துக்கொண்டு கதவுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தாள்.

அதையெல்லாம்கூட அக்கா பொறுத்துக்கொண்டாள். விசிலில்தான் வினை வந்தது.

ஒருநாள் மாலை கறவைக்கு அவள் விசிலடித்ததை யாரோ பார்த்துவிட்டார்கள். மாடுகள் வரிசையாக வந்ததும் ஒரே கைதட்டல். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சின்ன முதலாளி மத்தியானமே வந்து நின்றான்.

“அக்கா, ஒரு விசில் அடிங்க. எல்லாரும் ஆசைப்படுறாங்க.”

“இப்ப கறவை இல்லையே தம்பி.”

“சும்மா வந்துட்டுப் போகட்டும். விசில்தானே, என்ன குறைஞ்சு போகுது?”

“அப்ப தீவனமாவது வெக்க விடுங்க.”

“வயிறு ரொம்பிட்டா படுத்துக்கும் அக்கா. போட்டோவுக்கு நல்லா இருக்காது.”

போட்டோவுக்கு நல்லா இருக்காதாம்! அன்றைக்கு அக்கா வீட்டில் சாப்பிட வந்திருந்தேன், இதை என் காதாலேயே கேட்டேன். அக்கா வேறு வழியில்லாமல் விசிலடித்தாள். மகளுக்கு அது பரீட்சை வருடம். மாடுகள் ஓடி வந்தன, வெறும் தொட்டியை முகர்ந்தன, அவள் முகத்தைப் பார்த்தன. பிறகு திரும்பிப் போயின. அன்றைக்கு மட்டும் நான்கு வேனுக்கு நான்கு விசில்.

அதற்கப்புறம் அதுவே வழக்கமாகிவிட்டது. ஓடி வந்தவை நடந்து வந்தன. நடந்து வந்தவை பாதி வழியில் நின்றன. கடைசியில் விசில் கேட்டால் காதை மட்டும் ஆட்டிவிட்டு மேய ஆரம்பித்தன. கறவை நேரத்துக்கு அக்கா திட்டு வரை போய் ஓட்டிவர வேண்டியதாயிற்று. சின்ன முதலாளியிடம் சொன்னாள். அவன் சிரித்தான். செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, மேலே எங்கோ கொட்டிய மழை மத்தியானத்தில் வாய்க்கால் வழியாக ஏரிக்குள் செம்மண் வெள்ளமாக இறங்கியது. நான் ஒரு பழுதான கேனை மாற்ற வந்திருந்தேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே திட்டின் ஓரப் புல் முழுகியது. வரப்பும் முழுகினால் மாடுகள் அங்கேயே மாட்டிக்கொள்ளும்.

அக்கா கரைக்கு ஓடினாள். விசிலடித்தாள். மாடுகள் காதை ஆட்டின. மறுபடி அடித்தாள். உதடு வெடித்து ரத்தம் வரும் வரை அடித்தாள். ஒன்றும் நகரவில்லை. பின்னால் வேலி நெடுக ஜனம் கூடிவிட்டது, கையில் செல்போனோடு. சின்ன முதலாளி மைக்கைப் பிடித்துக்கொண்டு, “நம்ம பண்ணை ஆளுங்க மழை வெள்ளம்னு பாக்காம எப்படி உழைக்கிறாங்க பாருங்க” என்றான். அந்த மைக்கைப் பிடுங்கி அவன் மண்டையிலேயே போட்டிருக்க வேண்டும். எனக்கு அதற்கு நேரமில்லை. அக்கா தண்ணீரில் இறங்கிவிட்டாள். நானும் இறங்கினேன்.

முன்னால் நடக்கும் பழக்கமுள்ள கிழட்டுப் பசுவின் கழுத்துக் கயிற்றைப் பிடித்து அக்கா இழுத்தாள். நான் பின்னாலிருந்து விரட்டினேன். இடுப்பளவு தண்ணீரில் ஒவ்வொன்றாக வரப்பில் ஏறின. முதல் பசு கரையில் கால் வைத்ததும் வேலியோரம் கைதட்டலும் கூச்சலும் கிளம்பின. வரிசையின் கடைசியில் ஒரு கிடாரி, தலைச்சினை, அக்கா புட்டியில் பால் கொடுத்து வளர்த்தது. அது அந்தச் சத்தத்தில் மிரண்டு மறுபக்கம் பாய்ந்தது. அங்கே ஆளை விழுங்குகிற சேறு. நாங்கள் வீசிய கயிறு எட்டவில்லை. அது அக்காவைப் பார்த்துக் கத்தியதை நான் விவரிக்கப் போவதில்லை.

அக்கா கரையேறினாள். தொப்பி போட்ட ஒருவன் செல்போனோடு கிட்டே வந்தான்.

“அம்மா, இன்னொரு தடவை விசில் அடிக்கிறீங்களா? முதல்ல அடிச்சது வீடியோல சரியா வரல.”

“அவ செத்துட்டா” என்றாள் அக்கா.

“யாரு? யாருக்கு என்ன ஆச்சு?” அவன் பதறிப்போய்ச் சுற்றிலும் பார்த்தான். செத்தது ஒரு மாடுதான் என்று தெரிந்ததும் அவன் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது பாருங்கள், சாகும் வரை மறக்க மாட்டேன்.

மறுநாள் காலை சின்ன முதலாளி தொழுவத்துக்கு வந்தான்.

“என்னக்கா, கூப்பிட்டா வராத அளவுக்கா மாட்டைப் பழக்கி வெச்சிருக்கீங்க?”

அக்கா வாளியைக் கீழே வைத்தாள்.

“நான் நல்லாத்தான் பழக்கினேன். அதுங்ககிட்ட என் வாயாலயே பொய் சொல்ல வெச்சது நீங்க. இனிமே வர்றவங்க முன்னாடி என் வாயில இருந்து ஒரு சத்தம் வராது. ரூமைக் காலி பண்ணச் சொன்னா இன்னிக்கே பண்றேன். சாயங்காலம் கறவைக்கு நீங்களே கூப்பிட்டுக்கோங்க.”

அன்றைக்கு மாடுகள் கரையிலேயே மேய்ந்தன. அவனும் வீம்புக்குக் கூப்பிட்டுப் பார்த்தான். மடி கனத்து மாடுகள் கதறினவே தவிர, அவன் கைக்கு ஒன்றும் சிக்கவில்லை. அக்கா அறைக்குள் துணிகளை மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். இருட்டுவதற்குள் அவன் அவள் வாசலில் வந்து நின்றான். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. “சரி, உங்க இஷ்டப்படி இருங்க” என்றான். மூட்டை பிரிந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் வேன்கள் வந்தன. ஒரு குடும்பம் அக்காவைச் சுற்றிக்கொண்டது.

“விசில் அடிக்கிற அம்மா நீங்கதானே? வீடியோல பார்த்தோம்.”

அவள் வாயைத் திறக்கவில்லை. சின்ன முதலாளி ஓடி வந்தான். கண்ணைக்கூடச் சிமிட்டாமல், “அது வேற ஆளுங்க. பாவம், இவங்களுக்குப் பேச்சு வராது” என்றான். அத்தனை பேரும் உச்சுக்கொட்டினார்கள். ஒரு பெண் அவள் தோளைத் தடவிக் கொடுத்தாள்.

எனக்கு ரத்தம் கொதித்தது. கேனை இறக்கி வைத்துவிட்டு அவன் பக்கம் போனேன். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்து வண்டிக்குப் பின்னால் இழுத்துப் போனாள்.

“விடுடா. ஊமைகிட்ட எவனும் விசில் கேக்க மாட்டான்.”

இப்போதெல்லாம் வேன்கள் போன பிறகு அவள் தொட்டியில் தீவனத்தைக் கொட்டுவாள். கரைக்குப் போய் விசிலடிப்பாள், ஒரே ஒரு தடவை. கொஞ்சம் பொறுத்துப் பார்ப்பாள். பிறகு கயிற்றை எடுத்துக்கொண்டு திட்டுக்குப் போய், ஒவ்வொன்றாகக் கூட்டிவந்து, தீவனம் இருப்பதைக் காட்டுவாள். இன்றைக்கும் அப்படித்தான் செய்தாள். இதுவரை ஒரு மாடும் தானாக வரவில்லை.